கேன் தண்ணீரா, ஆர்ஓவா, காய்ச்சி ஆற வைத்ததா? வீட்டுக் குடிநீரை முடிவு செய்யும் முன்

புது வீட்டில் பால் காய்ச்சி, பாத்திரங்களை அடுக்கி முடிப்பதற்குள் குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிடும். வீட்டுக்காரர் "மெட்ரோ வாட்டர் வருது, காய்ச்சிக் குடிங்க" என்பார். எதிர் வீட்டு வாசலில் காலி கேன்கள் வரிசையாக இருக்கும். மேல் மாடிக்காரர்கள் ஆர்ஓ (உப்பை வடிகட்டும் மெஷின்) மாட்டியிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த அத்தை, "அந்த மெஷின் தண்ணியில சத்தே இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். நான்கு பேரும் அவரவர் வீட்டுக்குச் சரியானதைத்தான் செய்திருக்கக்கூடும். நம் வீட்டுக்கு எது சரி என்பதுதான் குழப்பம்.

இந்தக் குழப்பத்தில் பலர் நேராகக் கடைக்குப் போய் "எந்த மெஷின் நல்லது?" என்று கேட்கிறார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நம் குழாயில் வரும் தண்ணீரில் இருப்பது உப்புத் தொல்லையா, கிருமித் தொல்லையா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. கிருமிக்கு ஆர்ஓ மாட்டுவது தேவையில்லாத செலவு. உப்புக்குக் காய்ச்சிக் குடிப்பது பயனில்லாத உழைப்பு.

## முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்வோம்

கோவைப் பக்கம் வீட்டுக்கு வீடு "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று இரண்டு குழாய் இருக்கும். நல்ல தண்ணி என்பது சிறுவாணி, பில்லூர் போன்ற ஆற்று நீர். உப்புத் தண்ணி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. சென்னையில் பல குடியிருப்புகளில் இரண்டும் ஒரே சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) கலந்துவிடும். காலையில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியக் குழாய் நீர்), பற்றாக்குறைக்கு போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்று நீர்), கோடையில் லாரி. அதனால் "எங்கள் ஏரியா தண்ணீர் நல்லது" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் சமையலறைக் குழாயில் வருவது எது என்று பார்க்க வேண்டும்.

உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் போதும். பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகக் காட்டும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐஎஸ் 10500-ன்படி 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. இந்த 500 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

ஆனால் அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கசிந்த தண்ணீரும் 300 காட்டலாம், சுத்தமான ஏரித் தண்ணீரும் 300 காட்டலாம். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டாலோ அது கிருமிப் பக்கம். ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டையும் மீட்டர் தனியாகப் பிரித்துக் காட்டாது, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அவற்றுக்குப் பரிசோதனைக் கூடம்தான் வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். போர் தண்ணீரையே நம்பி இருக்கும் வீடுகள் ஒரு முறையாவது இதைச் செய்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு கம்பிகள் உள்ள ஒரு கருவியை உங்கள் குழாய்த் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார். தண்ணீர் சட்டென்று பழுப்பாகி, அழுக்குத் திட்டுகளாக மிதக்கும். பக்கத்தில் ஆர்ஓ தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல, அரித்துப்போகும் இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. சாதாரணத் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, கம்பி அரிக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் ஒன்றும் நடக்காது. ஒரு சிட்டிகை உப்பை அந்த ஆர்ஓ தண்ணீரில் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

## எதை வைத்து எடை போடுவது

தண்ணீரின் குணம் முதல் அளவுகோல். இரண்டாவது மாதச் செலவு: வாங்கும் விலை மட்டுமல்ல, பராமரிப்பும் கேஸும் சேர்த்து. மூன்றாவது, அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பது. இதைப் பெரும்பாலான ஒப்பீடுகளில் யாரும் எழுதுவதில்லை. எனக்கு இதுதான் பணத்தைவிட முக்கியமாகப் படுகிறது. காய்ச்சுவது யார், கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது யார், சர்வீஸ் ஆள் வரும் நாளில் லீவு போடுவது யார்? நான்காவது, மின்சாரம் போனாலோ வெள்ளம் வந்தாலோ என்ன ஆகும். ஐந்தாவது, எவ்வளவு தண்ணீர் வீணாகிறது. வாடகை வீடா, சொந்த வீடா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக நான்கு பேர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். நாளுக்குக் குடிக்க 8 லிட்டர், சமையலுக்கு 4 லிட்டர். விலைகள் சென்னையை ஒட்டியவை, தோராயமானவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

## 20 லிட்டர் கேன்

முதலீடு இல்லை, மெஷின் மாட்டச் சுவரில் துளை போட வேண்டாம், போன் செய்தால் வந்துவிடும். வாடகை வீட்டில் ஒரு வருடம் இருக்கப்போகிறவர்களுக்கு, தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இதைவிட எளிதான வழி கிடையாது. போர் தண்ணீர் 1500 காட்டும் தெருவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் முதல் மாதத்துக்கு இதுதான் கைகொடுக்கும்.

மாதக் கணக்கு: நாளுக்கு 12 லிட்டர் என்றால் மாதம் 18 கேன். ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 720 ரூபாய். லிஃப்ட் இல்லாத மாடி வீட்டுக்குச் சில இடங்களில் கூடுதலாகக் கேட்பார்கள். கேனுக்கு டெபாசிட் தனி. வீடு மாறும்போது அந்த டெபாசிட் திரும்ப வருவது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. இப்படிப் பார்த்தால், முதலீடே இல்லாத இந்த வழிதான் நீண்ட நாளில் எல்லாவற்றையும்விட விலை அதிகம்.

கேன் என்றால் சுத்தம் என்று நாம் எடுத்துக்கொள்வதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெரும்பாலும் புறநகரில் நிலத்தடி நீரை எடுத்து, ஆர்ஓ செய்து, கிருமியைக் கொல்ல யுவி (புற ஊதா ஒளி) அல்லது ஓசோன் காட்டி நிரப்பியதுதான் அது. அதாவது வீட்டில் நடக்க வேண்டியது ஆலையில் நடக்கிறது. வீணாகும் தண்ணீர் நம் கண்ணில் படாமல் வேறு ஊரின் நிலத்தடியிலிருந்து போகிறது. நல்ல ஆலையில் ஒழுங்காக நடக்கும். ஒழுங்கில்லாத இடத்தில், கழுவாத கேனில் குழாயைத் திறந்துவிட்டு மூடி போட்டாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 நவம்பரில் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகைகளில் சேர்த்தது. அந்த ஆலைகளுக்கு ஆய்வும் தணிக்கையும் கூடும். வாங்கும்போது 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, உடையாத சீல் மூன்றையும் பாருங்கள். கேன் மங்கலாக, கீறல் விழுந்து, உள்ளே பச்சை படிந்து இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கேன் போடுகிற தம்பியிடம் தயங்காமல் சொல்லலாம். வெயிலில் நிற்கும் வண்டியில் நாள் முழுக்கக் கிடந்த கேனும் வேண்டாம்.

அப்புறம் அந்த டிஸ்பென்சர். கேனைக் கவிழ்த்து வைக்கும் அந்தப் பாத்திரத்தையும் குழாயையும் கழுவுகிற வீடுகள் குறைவு. வாரம் ஒரு முறை வெந்நீர் ஊற்றித் தேய்க்காவிட்டால், எவ்வளவு நல்ல கேன் வாங்கினாலும் வழவழப்பு படிந்துவிடும்.

20 லிட்டர் என்றால் 20 கிலோ. வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் அதைக் கவிழ்க்க ஆள் தேட வேண்டியிருக்கும். கர்ப்பிணிப் பெண் தூக்கவே கூடாது. கேன் போடுபவரிடமே ஸ்டாண்டில் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் சாதாரணக் கை பம்ப்பை கேனின் வாயில் பொருத்திக்கொள்ளலாம், கவிழ்க்கவே வேண்டாம்.

நெருக்கடிக் காலத்தில் கேன் கைவிடும். 2020 தொடக்கத்தில், உரிமமில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களுக்குள் வண்டியே வர முடியவில்லை. கேனை மட்டும் நம்பும் வீடுகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு கேனை எப்போதும் உபரியாக வைத்திருக்க வேண்டும்.

## ஆர்ஓ மெஷின்

உப்பைக் குறைக்க வீட்டில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இது ஒன்றுதான். சவ்வு வழியாக அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளி, உப்பைப் பின்னால் நிறுத்திவிடுகிறது. ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் எல்லாவற்றையும் பெருமளவு குறைக்கும். குழாயில் 900, 1200 என்று காட்டும் வீட்டில் ஆர்ஓ வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம், மாட்டிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; குழந்தைகளின் பல்லில் கறையாகவும், பெரியவர்களுக்கு எலும்பு நோயாகவும் அது தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே அதற்காகத்தான், 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் அதையே குடிக்கலாம். போர் தண்ணீரை மட்டும் குடிக்கும் வீட்டில் ஆர்ஓ தேவை.

ஆனால் குழாயில் 250 காட்டும் வீட்டில் ஆர்ஓ எதற்கு? சிறுவாணித் தண்ணீர் போல இயல்பிலேயே உப்பு குறைந்த நீரை ஆர்ஓவில் விட்டால் மீட்டர் 10, 15 என்று காட்டும். அதில் சுவையே இருக்காது. நமக்குக் கொஞ்சமாவது கிடைக்கிற கால்சியம், மக்னீசியமும் போய்விடும். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குச் சொன்னது. அப்போது தீர்ப்பாயம் முக்கியமாகக் கவலைப்பட்டது வீணாகும் தண்ணீரைப் பற்றி.

அந்த வீண் எவ்வளவு என்று பார்ப்போம். சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு முதல் மூன்று லிட்டரை வெளியே தள்ளும். மூன்று என்று வைத்தால், 12 லிட்டருக்கு நாளொன்றுக்கு 36 லிட்டர், மாதம் ஆயிரம் லிட்டருக்கு மேல். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் அந்த ஆயிரம் லிட்டருக்கும் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊற்றும் முன் யோசியுங்கள். உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கும், தொட்டிச் செடி மெல்ல வாடும்.

செலவு: மெஷின் 15,000 ரூபாய் என்றும் ஏழு வருடம் உழைக்கும் என்றும் கொண்டால் மாதம் ஏறக்குறைய 180. வருட சர்வீஸும் ஃபில்டர்களும் 4,500 என்றால் மாதம் 375. மின்சாரம் மிகக் குறைவு. ஆக 550-லிருந்து 600. மெஷின் வாங்கும்போது யாரும் பேசாத செலவு இந்த 4,500தான். நான்கைந்து வருடத்தில் சர்வீஸுக்குக் கொடுத்தது மெஷின் விலையைத் தாண்டிவிடும். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். அதனால் வாங்கும்போது மெஷின் விலையைக் கேட்பதற்கு முன், சவ்வின் விலை என்ன, ஏரியாவில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, உதிரி பாகங்கள் வெளிக்கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மெஷினில் "டிடிஎஸ் கண்ட்ரோலர்" என்று ஒரு திருகு இருக்கும். ஆர்ஓ ஆகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து சுவையைக் கூட்டும் ஏற்பாடு அது. உப்பு மட்டுமே பிரச்சினை என்றால் கலக்கலாம். ஃபுளோரைடு அல்லது நைட்ரேட் இருக்கும் போர் தண்ணீரில் அதைத் திறந்துவிட்டால், பணம் கொடுத்து நீக்கியதையே திரும்பக் கலந்து குடிக்கிறோம். அந்த வீடுகளில் அதை முழுமையாக மூடி வைக்க வேண்டும். சர்வீஸ் ஆள் போன பிறகு மீட்டரில் ஒரு முறை அளந்து பாருங்கள். திறந்துவிட்டுப் போயிருந்தால் எண் காட்டிக்கொடுக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது வழியில் சேரும் கிருமியைத் தடுக்கும். மெஷினில் உள்ள கார்பன் ஃபில்டர் முதலில் அந்தக் குளோரினைத்தான் எடுக்கிறது. ஆகவே மெஷின் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், தொட்டியில் இருப்பதை முழுக்கத் திறந்து விட்டுவிட்டு, புதிதாக நிரம்பியதைக் குடிப்பதுதான் சரி.

## காய்ச்சி ஆற வைப்பது

மாநகராட்சித் தண்ணீர் ஒழுங்காக வரும், மீட்டர் 500-க்குக் கீழ் காட்டும் வீடுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை வைரஸ், அமீபா எல்லாம் கொதிநிலையில் செத்துவிடும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் விடுங்கள். கால் மணி நேரம் கொதிக்கவிடுவது கேஸுக்குத்தான் கேடு. லேசாகச் சூடு காட்டி இறக்குவதும் பிரயோஜனமில்லை.

"கேஸ் விக்கிற விலைக்கு யார் காய்ச்சுவது?" என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படியில்லை. 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 200 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்றால் கிலோ 61. அதாவது ஒரு கேன் அளவு தண்ணீரைக் காய்ச்ச 12, 13 ரூபாய். சோற்றுக்கும் குழம்புக்கும் போகும் தண்ணீர் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது, குடிக்கும் 8 லிட்டரை மட்டும் காய்ச்சினால் போதும். மாதம் 150 ரூபாய். மூடி போட்டுக் காய்ச்சினால் இன்னும் குறையும்.

பணத்தில் இல்லாத செலவு உழைப்பில் இருக்கிறது. எட்டு லிட்டருக்கு அடுப்பு அரை மணி நேரம் பிடிக்கும். அதைக் காலை நெரிசலில் செய்ய முடியாது. பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை பேச்சே இல்லாமல் அம்மா தலையிலோ மருமகள் தலையிலோ விழுந்துவிடுகிறது. அவர் சலித்துப்போகும் நாளில்தான் "ஒரு மெஷின் வாங்கிடலாம்" என்ற பேச்சு வருகிறது. தண்ணீர் நன்றாக இருந்தும் 15,000 ரூபாய் மெஷின் வாங்கும் பல வீடுகளில் உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான காரணமும்கூட. ஆனால் மெஷின் வாங்கும் முன் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

எளிய வழக்கம் ஒன்று சொல்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பைத் துடைத்ததும் இரண்டு பாத்திரங்களில் நான்கு நான்கு லிட்டர் வையுங்கள். வீட்டில் ராத்திரி டிவியோ போனோ பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் ஆள் யாரோ, அணைப்பது அவர் பொறுப்பு. மூடியோடு அப்படியே அடுப்பிலேயே விட்டுவிட வேண்டும். காலையில் முதலில் எழுபவர் துணி வடிகட்டி வழியாகக் குடிநீர்ப் பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தை யாரும் தூக்க வேண்டாம், நடக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் இது மிக முக்கியம். மே மாதத்தில் சமையலறை வெக்கையும் பகலில் அதிகமாகாது. சிலர் கொஞ்சம் சீரகம் போட்டுக் காய்ச்சுவார்கள், வாசனைக்கு நன்றாக இருக்கும்.

பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது கால்சியம் உப்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும். அது கையளவு படிகிறது என்றால் உங்கள் தண்ணீர் கடினம், மீட்டரை எடுங்கள். இப்படிப்பட்ட தண்ணீரால் சிறுநீரகக் கல் வரும் என்று சொல்லி ஆர்ஓவை விற்கிறார்கள். கல்லுக்குப் பெரிய காரணம் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான்.

அடியில் படியும் அந்தக் கால்சியத்தைத் தவிர, கரைந்திருக்கும் மற்ற உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதுவும் காய்ச்சினால் போகாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும். போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## ஆர்ஓ இல்லாத ஃபில்டர்

கடைக்காரர்கள் அவ்வளவாக எடுத்துக்காட்டாத வகை இது, லாபம் குறைவு. இரண்டு விதம் உண்டு. ஒன்று யுவி விளக்கு வைத்து, யுஎஃப் சவ்வும் (கிருமியை வடிகட்டும், உப்பை விட்டுவிடும் சவ்வு) சேர்த்த மின்சார மெஷின். 8,000 ரூபாய்க்குள் கிடைக்கும், தண்ணீர் வீணாகாது, சர்வீஸோடு மாதம் 300 ரூபாய் ஆகும். உப்பு குறைந்த, கலங்கல் இல்லாத மாநகராட்சித் தண்ணீருக்கு மிகப் பொருத்தம். கலங்கிய தண்ணீரில் யுவி ஒளி உள்ளே புகாது, கிருமி தப்பிவிடும். விளக்கையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

மற்றொன்று மேலே ஊற்றினால் கீழே இறங்கும், மின்சாரம் தேவையில்லாத ஃபில்டர். 3,000 ரூபாய் அளவில் வரும்; உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாதம் 150 முதல் 200. மின்வெட்டு அதிகமுள்ள ஊருக்கும் வாடகை வீட்டுக்கும் நல்லது. வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். காய்ச்ச ஆளில்லாத வீட்டில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | கேன் | ஆர்ஓ | காய்ச்சுவது | யுவி மெஷின் | மின்சாரமில்லா ஃபில்டர் |
|---|---|---|---|---|---|
| உப்பு, ஃபுளோரைடு | குறைந்திருக்கும் | குறைக்கும் | குறைக்காது | குறைக்காது | குறைக்காது |
| கிருமி | ஆலையைப் பொறுத்தது | நீக்கும் | கொல்லும் | கொல்லும் | பெரும்பாலும் நீக்கும் |
| மாதச் செலவு (ரூ.) | 720 | 550–600 | 150 | 300 | 150–200 |
| வீணாகும் நீர் | ஆலையில் | மாதம் 1,000 லிட்டருக்கு மேல் | இல்லை | இல்லை | இல்லை |
| மின்வெட்டில் | கிடைக்கும் | தொட்டி தீரும்வரை | கிடைக்கும் | கிடைக்காது | கிடைக்கும் |
| உழைப்பு | தூக்குவது, காத்திருப்பது | சர்வீஸ் நாள் | தினமும் | சர்வீஸ் நாள் | ஊற்றுவது, கழுவுவது |

## எந்த வீட்டுக்கு எது

குழாயில் 500-க்குக் கீழ், மாநகராட்சி நீர் மட்டுமே வருகிறது என்றால் காய்ச்சுங்கள். நேரமில்லையென்றால் யுவி அல்லது மின்சாரமில்லா ஃபில்டர். ஆர்ஓ வேண்டாம்.

800, 1000 என்று காட்டும் போர் தண்ணீர், சொந்த வீடு அல்லது நீண்ட நாள் வாடகை என்றால் ஆர்ஓ. வருடக் கணக்கில் கேனைவிட மலிவு. ஒரு வருடத்தில் காலி செய்யப்போகிறவர்கள் கேனோடு இருக்கலாம், அல்லது மெஷினை மாத வாடகைக்குத் தரும் நிறுவனங்களைப் பார்க்கலாம்.

500-க்கும் 800-க்கும் நடுவில் இருப்பவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள். முதலில் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் வரம்புக்குள் இருந்து, குடிக்க நாக்கு ஒப்புக்கொண்டால் காய்ச்சியே குடிக்கலாம். வரம்பு தாண்டியிருந்தால் ஆர்ஓ. குடியிருப்பில் மெட்ரோ வாட்டர் சம்பும் போர் சம்பும் ஒன்றாக இருந்தால், சமையலறைக் குழாய்க்கு மட்டும் தனி லைன் போட முடியுமா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அது ஒரு முறை செலவு. நாற்பது வீட்டில் நாற்பது ஆர்ஓ ஓடுவதைவிட எல்லோருக்கும் மலிவு, தண்ணீரும் மிச்சம்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் கேன் தூக்குவதும் கொதிநீரைக் கையாள்வதும் இரண்டுமே ஆபத்து. சுவரில் மாட்டிய மெஷின், அது யுவியோ ஆர்ஓவோ, அவர்களுக்கு நிம்மதி. சர்வீஸ் தேதியை மட்டும் பிள்ளைகள் தங்கள் போனில் குறித்துவைத்து அழைத்துச் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைப்பவர்கள் எந்த வழியில் வந்த தண்ணீராக இருந்தாலும் காய்ச்சித்தான் பயன்படுத்த வேண்டும், கேனும் ஆர்ஓவும் இதற்கு விலக்கல்ல. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டிலும் மழைக்காலத்தில் இதையே செய்யுங்கள். தண்ணீரில் பரவும் ஒரு வகை மஞ்சள் காமாலை அவர்களுக்கு உயிராபத்தாகவே முடியலாம்.

வெள்ளப் பகுதியில் இருப்பவர்கள் எந்த மெஷின் வைத்திருந்தாலும் மின்சாரமில்லாத இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: ஒரு பெரிய பாத்திரமும் ஒரு சிலிண்டரும் போதும். வெள்ளம் வடிந்ததும் சம்பைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் அதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, ஃபில்டர் இருந்தாலும்கூட.

## பிடித்து வைப்பது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பிடித்து வைக்கும் பாத்திரத்தில் கோட்டை விடலாம். குடத்தில் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் தண்ணீரில் படுகிறது, காய்ச்சியதன் பலன் அங்கேயே போய்விடுகிறது. குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரமோ மண்பானையோ வாங்குங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பழைய தண்ணீரின் மேல் புதிதை ஊற்றாமல், காலி செய்து கழுவி நிரப்புங்கள். மண்பானையைச் சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காய வைத்தால் போதும். சோப்பை மண் உறிஞ்சிக்கொள்ளும்.

சம்பையும் மேல்தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். டிடிஎஸ் மீட்டரை வருடத்தில் இரண்டு முறையாவது குழாயில் வைத்துப் பாருங்கள், மே மாதம் ஒன்று, மழைக்குப் பின் ஜனவரியில் ஒன்று. போர் தண்ணீரில் கோடைக்கும் மழைக்குப் பிந்தைய மாதத்துக்கும் எண் நன்றாகவே மாறும். மே மாதத்தில் மட்டும் அளந்துவிட்டு மெஷின் வாங்கியவர்கள், ஜனவரியில் அது தேவைப்படாததைப் பார்க்கக்கூடும். ஜனவரியில் மட்டும் அளந்தவர்கள் கோடையில் உப்பைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். வாங்கும் முன் இரண்டு பருவத்தின் எண்ணும் கையில் இருக்கட்டும், அதுவரை கேனிலோ காய்ச்சியோ ஓட்டிவிடலாம்.